வெள்ளிக்கால்

கைதிக்கு நாற்காலி, கைதியைப் பிடித்த நாட்டுக்காரனுக்குத் தரை. இந்தக் கூத்தை வேறு எந்த ஊரில் பார்க்க முடியும்? எங்கள் கொடைக்கானலில் நான் பார்த்தேன். அந்தக் கைதிக்குத் தினமும் முட்டையும் வெண்ணெயும் அனுப்பி வைத்தவனும் நானேதான். என் பெயர் தஸ்தகீர். பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தேன்.

ஜெர்மன்காரனோடும் இத்தாலிக்காரனோடும் வெள்ளைக்காரன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம். ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிடிபட்ட இத்தாலிச் சிப்பாய்களையும் ஆபீசர்களையும் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இந்தியாவில் இறக்கினார்கள். கீழே முகாம்களில் வெயில் தாங்காமல் சீக்காளியாகிப் போன சில ஆபீசர்களை மட்டும் எங்கள் மலைக்கு அனுப்பினார்கள். ஏரிக்கு மேலே மேட்டில் ஒரு பங்களா. சுற்றிலும் கம்பி வேலியாம், வாசலில் காவலாம். வேலிக்குள் ஊர் ஆடெல்லாம் புகுந்து மேய்ந்தது. காவல்காரன் மத்தியானமானால் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குறட்டை விட்டான். கோழி திருடிவிட்டு எங்கள் ஊர் லாக்கப்பில் கிடப்பவன் படும் பாட்டில் பத்தில் ஒரு பங்குகூட அந்த ஆபீசர்கள் படவில்லை.

அவர்களில் பெரியவர் கப்பித்தான் மரோட்டி. சிவந்த முகம், எண்ணெய் தடவிய மீசை, கையில் எப்போதும் ஒரு தடி. இடது காலில் குண்டு பட்டதாகச் சொல்லி நொண்டுவார். மாண்டலின் நன்றாக வாசிப்பார். அந்த வாசிப்பைக் கேட்டு ஊரிலேயே அதிகம் உருகியவர் ராவ் சாகிப் சுவாமிநாதன். இவர் ஓய்வு பெற்ற தாசில்தார், எங்கள் ஊர்ப் போர்க் கமிட்டியின் தலைவர். வெள்ளைத் தோலைக் கண்டால் இவருடைய முதுகு தானாக வளையும். அது நண்பனின் தோலா எதிரியின் தோலா என்ற பேதம் அந்த முதுகுக்குத் தெரியாது. ராஜா எந்த நாட்டோடு சண்டை போடுகிறாரோ அந்த நாட்டு ஆளைப் போய் "துரை, துரை" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பங்களாவுக்குச் சாமான் போடும் வேலை என்னுடையது. இத்தாலிக்காரர்களுக்குப் பூண்டு இல்லாமல் ஒரு வாய் இறங்காது. அந்தப் பூண்டு சிவபாக்கியத்தின் பூண்டு. சிவபாக்கியம் பூண்டி கிராமத்துக்காரி. புருஷன் இறந்த பிறகு பஜாருக்கு வந்து என் கடை வாசலில் சாக்கை விரித்துப் பூண்டும் காரட்டும் விற்றாள். அவள் வாய்க்கு முன்னால் போலீஸ்காரன்கூட நிற்க மாட்டான். பேரம் பேச வந்த துரைசானி ஒருத்தியை, தமிழே தெரியாத அந்தம்மாவை, ஒரே பார்வையில் கேட்ட விலைக்கு வாங்கிப் போக வைத்தவள் அவள்.

அவளுக்கு ஒரே மகன் வேலுச்சாமி. பூண்டியிலிருந்து மட்டக்குதிரைகளின் முதுகில் பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு வருவான். மலைப் பாதையில் மிருகத்தை நடத்தத் தெரிந்தவன் என்று பட்டாளத்துக்கு ஆள் பிடித்தவர்கள் அவனைக் கொண்டு போனார்கள். அங்கே கோவேறு கழுதைகளை மேய்த்தான். ராவ் சாகிப்தான் நேரில் வந்து, "ராஜ சேவை, போய்ட்டு வாடா" என்று முதுகில் தட்டி அனுப்பினார். தன் சொந்த மகனை மதுரையில் வக்கீலுக்குப் படிக்க வைத்துக்கொண்டு அடுத்தவன் மகன் முதுகில் தட்டுவது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

ஒரு நாள் சர்க்கார் தபால் வந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். வேலுச்சாமி பாலைவனத்தில் பிடிபட்டுவிட்டான், இடது காலில் பலத்த காயம், இத்தாலியில் கைதிகள் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். சிவபாக்கியம் அழவில்லை. கூடையை இழுத்துப் போட்டாள். அழுகல் பூண்டையெல்லாம் தேடித் தேடி எடுத்து அதில் நிரப்பினாள்.

"என்ன தாயி பண்ற?" என்றேன்.

"பங்களாவுக்குப் பூண்டுண்ணே. எம்மவனக் கால ஒடச்சுப் பிடிச்சு வச்சிருக்கிற பயலுகளுக்கு நல்ல பூண்டு ஒரு கேடா?"

"என் கான்ட்ராக்டு போயிரும்."

"போனாப் போவுது. நீங்க வாழ்ந்த வாழ்வுக்கு அது ஒண்ணுதான் கொறச்சல்."

அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். அவள் அழுகலைப் போடுவாள். நான் கூடையைச் சாக்கில் கொட்டி அழுகலைப் பொறுக்கி எறிந்துவிட்டு நல்லதைப் போடுவேன். அவள் என்னைத் திட்டுவாள். என் கடை விடிவதே இப்படித்தான்.

பழனியில் ஒரு வழக்கம் உண்டு. கண்ணில் நோவு என்றால் வெள்ளியில் கண் செய்து போடுவதாக முருகனிடம் நேர்ந்துகொள்வார்கள். கை என்றால் வெள்ளிக் கை. குணமானதும் செய்துகொண்டு போய் உண்டியலில் போட்டுவிடுவார்கள். சிவபாக்கியமும் நேர்ந்துகொண்டாள். மகன் காலைத் தேற்றிக் கொடு, வெள்ளியில் கால் செய்து போடுகிறேன் என்று. சில மாதம் கழித்து வேலுச்சாமியிடமிருந்து யாரோ எழுதிக் கொடுத்த கடிதம் வந்தது. கால் நன்றாகிவிட்டது, ஊன்றி நடக்கிறேன், கவலைப்படாதே ஆத்தா. அவ்வளவுதான்! பஜார் முழுக்கப் பொரிகடலை கொடுத்தாள். புருஷன் செத்தபோது கழற்றி வைத்த வெள்ளித் தண்டையை ஆசாரியிடம் கொடுத்து உருக்கி, முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் அழகான ஒரு கால் செய்து வாங்கினாள். விரல்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. தைப்பூசத்துக்கு நடந்தே இறங்கிப் போய் உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். வந்தவள் என்னிடம் சொன்னது இதுதான்: "ஆண்டிப் பயலா இருந்தாலும் சொன்ன சொல்லக் காப்பாத்திட்டான்ணே."

அந்த வருஷம் பிளம்ஸ் பழுத்திருந்த சமயம். பங்களா சமையல்காரனுக்குக் காய்ச்சல் என்று கூடையை எடுத்துப் போக ஆள் வரவில்லை. சிவபாக்கியமே வெள்ளனே சுமந்துகொண்டு போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள், மூச்சு வாங்கியது, ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு.

"அண்ணே, அந்த நொண்டிக் கப்பித்தான் இருக்கானே, பிளம்ஸ் மரத்து உச்சாணியில ஒக்காந்து பழம் திங்கிறான்!"

"நல்லாப் பாத்தியா?"

"கொட்டைய என் தலையிலதான் துப்புனான். நான் கத்துனேன். அந்நேரம் டாக்டரு கார் சத்தம் கேட்டுச்சு. சர்ருன்னு எறங்கி ஓடி, தடிய எடுத்துக்கிட்டு முக்கி மொனங்கி நொண்டுறான்ணே. நம்ம ஊருக் கூத்தாடி தோத்தான் போங்க."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த ஆள் எதற்காக நொண்டுகிறான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சோம்பேறி, வேலை செய்யாமல் இருப்பதற்கு வேஷம் போடுகிறான் என்று நினைத்தோம். எங்கள் புத்தி அவ்வளவுதான் ஓடியது.

அடுத்த வாரம் ராவ் சாகிப் தன் வீட்டுப் புல்தரையில் போர் நிதிக் கூட்டம் போட்டார். சண்டைக்குப் போனவர்களின் குடும்பத்தாரெல்லாம் வரவேண்டும் என்று தண்டோரா. போனோம். துரைமார்களுக்கும் துரைசானிகளுக்கும் நாற்காலி. எங்களுக்குப் புல்தரை. ராவ் சாகிபுக்குப் பக்கத்தில், மெத்தை போட்ட பிரம்பு நாற்காலியில் மடியில் மாண்டலினோடு உட்கார்ந்திருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? கப்பித்தான் மரோட்டி! இத்தாலியை ஒழிக்க நிதி திரட்டும் கூட்டத்தில் இத்தாலிக் கைதியின் பாட்டுக் கச்சேரி. இதில் யாருக்கும் ஒன்றும் உறுத்தவில்லை, துரைசானிகள் கைதட்டினார்கள்.

கச்சேரி முடிந்ததும் ராவ் சாகிப் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"ஒரு சந்தோஷ சமாச்சாரம். ரெண்டு சர்க்காரும் பேசிக் கைதிகளை மாத்திக்கப் போறாங்க. தீராத நோயாளிங்க, கை கால் போனவங்க, இனிமே சண்டைக்கு லாயக்கில்லாதவங்க. அவங்க ஆளுகள நாம விடுவோம், நம்ம ஆளுகள அவங்க விடுவாங்க. நம்ம கேப்டன் துரையும் கால் ஊனத்தினால ஊருக்குப் போறார். டாக்டர் துரை சர்டிபிகேட் கொடுத்துட்டார். அவருக்கு இது பிரிவு உபசாரம்."

சிவபாக்கியம் புல்லிலிருந்து எழுந்து நின்றாள்.

"ஐயா, எம்மவனுக்கும் கால்ல குண்டுபட்ட காயமுங்க. அவனையும் விடுவாங்கள்ல?"

ராவ் சாகிப் அவளை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். முதுகில் தட்டி அனுப்பியவனின் தாய் என்று ஞாபகம் வரவேண்டுமே.

"வேலுச்சாமியா? அவனுக்குக் குணமாயிருச்சுன்னு நீதானே ஊரெல்லாம் பொரிகடலை குடுத்தே?"

"ஆமாங்க."

"அப்புறம் என்ன? கால் நல்லா இருக்கிற சிப்பாய எவன் விடுவான்? திரும்பி வந்து துப்பாக்கி தூக்குவானில்ல?"

"அவன் கழுத மேச்சவனுங்க. துப்பாக்கிய எங்க தூக்குனான்?"

நாற்காலிக்காரர்கள் சிரித்தார்கள். ராவ் சாகிபும் சிரித்தார். "கால் குணமானதுக்குச் சந்தோஷப்படு. ஒக்காரு" என்றார்.

அவள் உட்காரவில்லை. "அப்ப மரத்துல ஏறிப் பழம் பறிக்கிற காலு மட்டும் சண்டைக்கு லாயக்கில்லாத காலாக்கும்?"

சிரிப்பு நின்றது. கப்பித்தானுக்கு ஒன்றும் புரியவில்லை, அவளைப் பார்த்துத் தலையாட்டிப் புன்னகை செய்தார். அவருக்கு அவள் பூண்டுக்காரி, அவ்வளவுதான். ராவ் சாகிபின் முகம் கறுத்தது. "வாய மூடு கழுத. துரை இன்னிக்கு என் விருந்தாளி" என்றார். பொய் சொன்ன கைதி துரை. மகனைக் கொடுத்தவள் கழுதை. த்தூ, இதுவும் ஒரு ராஜாங்கம்!

மறுநாள் காலை அவள் சாக்கை விரிக்கவில்லை. பழனிக்குப் போகிறேன் என்றாள். எனக்கும் பழனியில் என் மாமா கடையில் சோலி இருந்தது, சேர்ந்தே கிளம்பினோம். வடகவுஞ்சி வழியாகப் பழைய மலைப் பாதையில் இறங்கினோம். எதற்காகப் போகிறாள் என்று கேட்டதற்கு, "கணக்குத் தீக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

நான் அடிவாரத்தில் மாமா கடையில் உட்கார்ந்திருந்தேன். அவள் படியேறிப் போனாள். திரும்பி வந்தபோது தலைமுடி கலைந்து கிடந்தது, கண் சிவந்திருந்தது. கடை வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன தாயி ஆச்சு?"

"வெள்ளிக்கால திருப்பித் தாங்கன்னு கேட்டேன்ணே. உண்டியல் பக்கத்துல நிக்கிற தடியன் சிரிக்கிறான். விழுந்தது சாமிக்குச் சொந்தமாம், திரும்பாதாம்."

"அத ஏன் திருப்பிக் கேட்ட?"

"நேத்திக்கடன ரத்து பண்றதுக்குத்தான். காலு தேறாம இருந்திருந்தா எம்மவன் இந்நேரம் கப்பல்ல ஏறியிருப்பான்ல? நானே வேண்டி, நானே வெள்ளியப் போட்டு, எம்மவன அங்கயே கட்டிப்போட்டுட்டேனே!"

"அப்புறம்?"

"நேரா சன்னதிக்குப் போனேன். வெள்ளிக்கால நீயே வச்சுக்க. நீ குடுத்த காலத் திருப்பி எடுத்துக்க, எம்மவனக் குடுன்னு கேட்டுட்டு வந்தேன்."

"அடிப்பாவி! யா அல்லா! பெத்த பிள்ளை கால் போகணும்னு வேண்டிக்கிட்டியா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ முறை என்னைத் திட்டியிருக்கிறாள், அந்தப் பார்வை மாதிரி எதுவும் சுட்டதில்லை.

"ஒத்தக் காலோட வந்தா நான் தூக்கிச் சுமப்பேன்ணே. ரெண்டு காலோட அங்கயே கெடந்தா நான் என்னத்தச் செய்வேன்?"

மாமா வீட்டில் கொடுத்த சோற்றை அவள் தொடவில்லை. அன்றைக்கே மலை ஏறிவிட்டாள்.

கப்பித்தான் கிளம்பிய நாளில் பஸ் நிற்கும் இடத்தில் கல்யாணக் கூட்டம். மாலை, பழக்கூடை, ராவ் சாகிபின் கண்ணில் நீர். சர்டிபிகேட் கொடுத்த டாக்டர் துரையும் சுருட்டோடு நின்றார். கப்பித்தான் தடியை ஊன்றி, ஒரு எட்டுக்கு ஒரு முனகலாக, காத்திருந்த கூரையில்லாத காரை நோக்கி வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிவபாக்கியம் போனாள். வெடுக்கென்று தடியைப் பிடுங்கினாள். பிடுங்கியதோடு விடவில்லை, ஓங்கினாள். கப்பித்தான் என்ன செய்தார் தெரியுமா? கிழக்கும் மேற்கும் பார்க்காமல் ஒரே ஓட்டமாக ஓடி, காரின் மூடிய கதவின் மேலே தாவி உள்ளே விழுந்தார். கன்றுக்குட்டி அப்படித் துள்ளாது.

ஊரே பார்த்தது. காவல்காரன் பார்த்தான். டாக்டர் துரை பார்த்தார், பிறகு சுருட்டுச் சாம்பலைத் தட்டிவிட்டு ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். சர்டிபிகேட்டில் நொண்டி என்று எழுதியாகிவிட்டது, இனி அந்த ஆள் பறந்தாலும் நொண்டிதான். ராவ் சாகிப் என்ன செய்தார்? காருக்கு ஓடிப்போய் ஒரு கைதியிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். "படிக்காத ஜனங்க துரை, மனசுல வச்சுக்காதீங்க" என்று இங்கிலீஷில் சொன்னதாக டிரைவர் பிறகு சொல்லிச் சிரித்தான். கார் போய்விட்டது. தடியைச் சிவபாக்கியம் வீட்டுக்குக் கொண்டு போய் முறித்து அடுப்பில் வைத்துக் கஞ்சி காய்ச்சினாள்.

மாற்றப்பட்ட கைதிகள் கப்பலில் வந்து இறங்கிய செய்தி பத்திரிகையில் வந்தது. அதில் வேலுச்சாமி இல்லை. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மகன் வரவில்லை என்று ஒரு பக்கம் இடிந்துபோனாள். கால் போகவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு பக்கம் உயிர் வந்தது. அதன் பிறகு யார் தபால் கொண்டுவந்தாலும் அவள் முதலில் கேட்கும் கேள்வி, "காலப் பத்தி ஏதும் போட்டிருக்கா?" என்பதுதான். கேட்டுவிட்டு வந்ததை முருகன் எப்போது கொடுத்துத் தொலைப்பானோ என்ற பயம் அவளுக்கு. மகன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்கக்கூட அந்தப் பயம் அவளை விடவில்லை.

பிறகு இத்தாலிக்காரன் தோற்றுச் சரணடைந்தான் என்று சேதி வந்தது. ராவ் சாகிப் சர்க்கரை வழங்கினார். சிவபாக்கியம் கையை நீட்டாமல், "அப்ப எம்மவன விட்டாச்சுங்களா?" என்று கேட்டாள்.

"ஜெர்மன்காரன் அங்க எறங்கிட்டான். கைதிகளையெல்லாம் அவன் வடக்க கொண்டு போயிருப்பான்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளுக்குச் சர்க்கரை கொடுக்கப் போனார். சர்க்கரையை வாங்கிப் போகிற மாதிரி அந்தச் செய்தியை அவள் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

அவள் வாய் அன்றோடு அடங்கியது. அழுகலைக்கூடச் சத்தமில்லாமல் போட்டாள், நான் பொறுக்கினால் திட்டவில்லை. அவள் திட்டாத காலைப் பொழுது எனக்குப் பிடிக்கவே இல்லை. வேண்டுமென்றே அவள் சாக்கை மிதித்துப் பார்த்தேன். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள், பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடும் பஸ் திணறிக்கொண்டு வந்து பஜாரில் நின்றது. "வேலுச்சாமிடோய்!" என்று யாரோ கத்தினார்கள். கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பஸ் படியில் காக்கிச் சட்டையோடு, மெலிந்து, தாடி விட்ட ஓர் ஆள் நின்றான். நாங்களெல்லாம் அவன் முகத்தைப் பார்த்தோம். சிவபாக்கியம் மட்டும் முகத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்கு நடுவே குனிந்து அவன் காலைப் பார்த்தாள். ஒரு கால் இறங்கியது. இன்னொரு கால் இறங்கியது.

"ஆத்தா" என்றான்.

"நட" என்றாள்.

"என்னாத்தா?"

"நடடா பாப்போம்."

அவன் ஒன்றும் புரியாமல் பஸ்ஸிலிருந்து என் கடை வரைக்கும் நடந்தான். "திரும்பி நட" என்றாள். நடந்தான். லேசாகக்கூட நொண்டவில்லை. அவள் நடு ரோட்டில் அப்படியே உட்கார்ந்து, அவன் இடது காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். தாய் மகன் காலில் விழலாமா என்று பெண்கள் பதறினார்கள். எனக்கு மட்டும்தான் காரணம் தெரியும்.

ராவ் சாகிப் விடுவாரா? மறுநாளே அதே புல்தரையில் வரவேற்புக் கூட்டம். இந்த முறை பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. அதைக் காட்டி வேலுச்சாமியை உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. நிற்க வைத்தே பேசச் சொன்னார்.

"தம்பி, அங்க அவனுக பண்ணுன கொடுமையெல்லாம் சபைக்குச் சொல்லு."

வேலுச்சாமிக்கு மேடைப் பேச்சு தெரியாது. என்னிடம் கடையில் பேசுகிற மாதிரியே பேசினான்.

"கொடுமையும் இருந்துச்சுங்க. முகாம்ல பட்டினி, குளிரு. சண்ட முடிஞ்சிருச்சுன்னதும் காவல்காரங்க ஓடிட்டாங்க. ரெண்டு நாளுல ஜெர்மன்காரன் வந்துட்டான். ஆஸ்பத்திரியில காலு கையி இல்லாமப் படுத்துக் கெடந்தவங்கள அள்ளி ரயில்ல ஏத்திட்டான். அவங்க என்ன ஆனாங்களோ தெரியாது. நடக்கத் தெம்பிருந்தவன்லாம் வேலியத் தாண்டி மலையேறிட்டோம். மலை நமக்குத் தெரியாததா? என் காலு மட்டும் தேறாம இருந்திருந்தா நானும் அந்த ரயில்லதான் போயிருப்பேன்."

சிவபாக்கியம் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"மலையில ஒரு குச்சு வீடு. ஒரு வயசான அம்மா. உள்ள போனா கூரை பூராப் பூண்டுச் சரம் தொங்குது. நம்ம வீட்டு வாடை. நான் அழுதுட்டேன். அந்தம்மா வைக்கோலுக்குள்ள என்ன ஒளிச்சு வச்சாங்க. ஜெர்மன்காரன் வந்து கேட்டப்ப இல்லவே இல்லன்னு சாதிச்சாங்க. தெரிஞ்சிருந்தா வீட்டக் கொளுத்தியிருப்பான். பனிக்காலம் முழுக்க, நம்ம பட்டாளம் வந்து சேர்ற வரைக்கும், சோறு போட்டாங்க. அவங்களுக்கே பத்தாது, இருந்தாலும் பெரிய துண்டு எனக்குத்தான்."

ராவ் சாகிப் நெளிந்தார். அவர் கேட்ட கொடுமை இதில் இல்லை. "எதுக்காகப் போட்டாளாம்?" என்றார்.

"அவங்க மகனும் கைதிங்க. இந்தியாவுல. எந்த ஊருன்னு அவங்களுக்குத் தெரியல. 'இந்தியா, இந்தியா'ன்னு என் கையப் பிடிச்சுக்குவாங்க. அங்க ஒரு தாயி எம்புள்ளைக்குச் சோறு போடுவா, அதனால நான் ஒனக்குப் போடுறேன்னு சொல்லுவாங்க. அவங்க பேச்சு அரைகுறையாத்தான் புரியும். இது மட்டும் நல்லாப் புரிஞ்சுச்சு."

சிவபாக்கியம் எழுந்தாள். பல மாதம் கழித்து அவள் குரல் உரக்கக் கேட்டது.

"ஏலே, அந்தம்மா மவன் வந்துட்டானா?"

"இல்லாத்தா. எங்க வந்தான்? இங்கதான எங்கிட்டாவது இருப்பான்."

அவள் ராவ் சாகிபைப் பார்த்தாள். "ஐயா, இத்தாலிக்காரனோட சண்ட முடிஞ்சுதான போச்சு. இவங்கள எப்ப விடுவீங்க?" அவர் கடிகாரத்தைப் பார்த்து நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்தார். அவருக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

அப்போது மேட்டுப் பங்களாவில் வேறு கைதிகள் இருந்தார்கள். ஆபீசர்கள் அல்ல, சாதாரண இத்தாலிச் சிப்பாய்கள், இருமிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களிடம் மாண்டலினும் இல்லை, ராவ் சாகிப் அந்தப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை. அவர்களுக்கும் சிவபாக்கியத்தின் அழுகல்தான் போய்க்கொண்டிருந்தது, நான் பொறுக்கியது போக.

மறுநாள் காலை கூடை வந்தது. பழக்க தோஷத்தில் சாக்கில் கொட்டினேன். ஒரு அழுகல் இல்லை. ஒவ்வொன்றும் பெரிசு பெரிசாக, இறுகி, வெள்ளை வெளேரென்று இருந்தது. கையில் எடுத்துப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது விற்கிற பூண்டே இல்லை. அடுத்த பருவத்துக்கு நடுவதற்காக வீட்டில் புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த விதைப்பூண்டு. பூண்டிக்காரர்கள் பட்டினி கிடந்தாலும் அதில் கை வைக்க மாட்டார்கள்.

"தாயி, இது விதைக்கு வச்சதுல்ல? நாளைக்கு எதை நடுவ?"

"அது என் பாடு. அள்ளிப் போட்டுக் கொண்டுபோங்க வெரசா" என்றாள். என்னைப் பார்க்காமல் காரட்டை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "வழியில ஒண்ணு கொறஞ்சாலும் ராவுத்தர்னு பாக்க மாட்டேன், கைய முறிச்சுருவேன்."